ஸ்கேன் பார்க்கும் ஒலியே கல்லை உடைக்கிறதா?

கேள்வி இது: “வயிற்று ஸ்கேனில் வலது சிறுநீரகத்தில் 9 மி.மீ. கல் என்று வந்திருக்கிறது. அல்ட்ராசவுண்டாலேயே உடைத்துவிடலாம் என்கிறார்கள். ஸ்கேன் எடுத்தபோது ஒன்றுமே தெரியவில்லையே, அது எப்படிக் கல்லை உடைக்கும்? உடைக்கும் அளவுக்குப் பலம் இருந்தால் சதை ஏன் கிழிவதில்லை? அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். அவருக்கு மட்டும் ஏன் ஆபரேஷன்தான் என்கிறார்கள்?”

முதலில் ஒரு திருத்தம். சிறுநீரகக் கல்லை வெளியிலிருந்தே உடைக்கும் சிகிச்சையைப் பேச்சில் எல்லோரும் ‘அல்ட்ராசவுண்டால் உடைப்பது’ என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் அங்கே உடைப்பது அதிர்வலை, அதாவது ஷாக் வேவ். அதுவும் ஒலியின் குடும்பம்தான், ஆனால் ஸ்கேன் கருவியின் ப்ரோபிலிருந்து, அதாவது வயிற்றில் வைத்து நகர்த்தும் கைப்பிடியிலிருந்து, வரும் ஒலியல்ல. அசல் அல்ட்ராசவுண்டாலேயே கல்லை உடைக்கும் முறைகளும் உண்டு. ஒன்று பழையது, ஒன்று மிகப் புதியது. அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன். நான் மருத்துவர் அல்ல, இந்தக் கருவிகளின் இயற்பியல் பக்கம் வேலை பார்ப்பவன். அதனால் உங்கள் 9 மி.மீ. கல்லுக்கு எது சரி என்று சொல்ல மாட்டேன். எதையெல்லாம் பார்த்து மருத்துவர் முடிவெடுக்கிறார் என்று சொல்ல முடியும்.

கல்லைப் பார்ப்பதும் சரி, உடைப்பதும் சரி, இரண்டும் ஒரே ஒரு விஷயத்தை நம்பித்தான் நடக்கின்றன. சதையும் நீரும் ஒலிக்கு ஏறத்தாழ ஒரே மாதிரியான பொருட்கள். கல் அப்படியல்ல.

ஸ்கேன் ப்ரோப் வயிற்றுக்குள் அனுப்புவது 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான மிகக் குறுகிய ஒலித் துடிப்புகள். அனுப்பிவிட்டு, எதிரொலி வருகிறதா என்று அதே ப்ரோப் காத்திருக்கும். 10 செ.மீ. ஆழத்திலிருந்து எதிரொலி திரும்பி வர நொடியில் லட்சத்தில் 13 பங்கு நேரம் போதும். திரும்பி வரும் நேரத்தை வைத்து ஆழம், வலிமையை வைத்துத் திரையில் வெளிச்சம். கணக்கு அவ்வளவுதான். உடம்பின் மென்மையான பாகங்களில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போகிறது என்று எல்லா ஸ்கேன் கருவிகளும் வைத்துக்கொள்கின்றன. இந்த எண்ணுக்கே கற்களோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1940களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையின் மருத்துவ ஆய்வு நிலையத்தில் ஜார்ஜ் லட்விக் என்பவர், விலங்குகளின் உடலில் வைத்த பித்தக் கற்களை எதிரொலியால் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காகப் பல திசுக்களில் ஒலியின் வேகத்தை அளந்தார். சராசரி 1540 என்று வந்தது. உங்கள் வயிற்றை அளந்த கருவியும் அந்த எண்ணை வைத்துத்தான் அளந்திருக்கும்.

ஒரு பொருளின் அடர்த்தியையும் அதில் ஒலி போகும் வேகத்தையும் பெருக்கினால் வருவது அதன் ஒலித்தடை. இரண்டு பொருட்கள் சந்திக்கும் இடத்தில் இந்தத் தடை எவ்வளவு மாறுகிறதோ அவ்வளவு ஒலி திரும்பும். கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையில் வித்தியாசம் மிகச் சிறியது, எனவே மெல்லிய எதிரொலிதான் வரும். கல்லில் ஒலி நொடிக்கு 3000, 4000 மீட்டர் என்று ஓடும், அடர்த்தியும் அதிகம். எனவே கல்லின் முகப்பில் விழும் ஆற்றலில் கால் பங்கிலிருந்து பாதி வரை அங்கேயே திரும்பிவிடும். உள்ளே போன மிச்சத்தையும் கல் பெரும்பாலும் விழுங்கிவிடும். அதனால் திரையில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பிறை, அதற்குப் பின்னால் நேராக ஒரு கறுப்பு நிழல். ரிப்போர்ட்டில் ‘நிழலுடன் கூடிய’ என்று எழுதியிருந்தால் இதைத்தான் சொல்கிறார்கள். சிறிய கல்லுக்கு நிழல் சரியாக விழாது. அப்போது அது கல்லா, கொழுப்பா, இரத்தக் குழாய்ச் சுவரா என்ற சந்தேகம் வரும்.

இங்கே ஒரு வேடிக்கையான உதவி இருக்கிறது. இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் கலர் டாப்ளரைப் போட்டால், அசையாமல் கிடக்கும் கல்லின் மேல் சிவப்பும் நீலமுமாய்ப் புள்ளிகள் மினுக்கும். ஓட்டமே இல்லாத இடத்தில் ஏன் மினுக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் புதிராக இருந்தது. கல்லின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய பிளவுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் வாயுக் குமிழ்கள்தான் காரணம் என்பது இன்றைய விளக்கம். கல்லை உயர் அழுத்த அறையில் வைத்துக் குமிழ்களை நசுக்கியபோது மினுக்கல் மறைந்துவிட்டது. எல்லாக் கல்லும் மினுக்குவதில்லை, மினுக்குவதெல்லாம் கல்லுமில்லை. ஆனாலும் சந்தேகத்துக்குரிய வெள்ளைப் புள்ளியைப் பார்ப்பவருக்கு இது கைகொடுக்கும்.

ஸ்கேனின் பலவீனங்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ‘9 மி.மீ.’ அங்கிருந்து வந்ததுதான். அல்ட்ராசவுண்ட் கல்லின் அளவைக் கொஞ்சம் கூட்டியே காட்டும். ஆழம் அதிகமாக ஆக ஒலிக்கற்றை அகலமாகிறது, எனவே கல்லும் பக்கவாட்டில் பரந்து தெரிகிறது. சிறிய கற்களில்தான் இந்தப் பிழை உறுத்தும், 5 மி.மீ. கல் 7 என்று வந்துவிடும். வெள்ளைப் பகுதியை அளப்பதைவிட நிழலின் அகலத்தை அளந்தால் உண்மைக்கு நெருக்கமாக வருகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். எனக்கும் அது நல்ல பழக்கமாகப் படுகிறது. எல்லா இடத்திலும் அப்படி அளப்பதில்லை.

அடுத்தது, கல் இருக்கும் இடம். சிறுநீரகத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் தெரியும். சிறுநீர்ப்பைக்குப் பக்கத்தில் வந்துவிட்டாலும், பை நிறைந்திருந்தால் தெரியும். இரண்டுக்கும் நடுவில், யூரேட்டர் என்ற அந்த மெல்லிய குழாயின் நடுப்பகுதியில் மாட்டியிருந்தால் முன்னால் குடல் வந்து மறைக்கும். குடலில் காற்று இருக்கும், காற்றைத் தொட்டால் ஒலி ஏறத்தாழ முழுவதும் திரும்பிவிடும். அப்போது கல் தெரியாது, ஆனால் அதன் விளைவு தெரியும். மேலே அடைபட்ட சிறுநீரகம் வீங்கியிருக்கும். வலியோடு வந்தவருக்கு வீக்கம் மட்டும் தெரிந்தால் “கல்லைக் காணோம்” என்று நிம்மதி அடையக் கூடாது.

இந்தக் குறைகளுக்காகத்தான் சிடி. சாயம் ஏற்றாத சிடி ஸ்கேன் ஏறத்தாழ எல்லாக் கல்லையும் காட்டும், அளவு சரியாக வரும், கல்லின் அடர்த்தியையும் ஓர் எண்ணாகத் தரும். கதிர்வீச்சுதான் அதன் விலை. 2014-ல் அமெரிக்காவில் 15 மருத்துவமனைகளில் 2759 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், கல் வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்டா, சிடியா என்று பிரித்துப் பார்த்தார்கள். முதலில் அல்ட்ராசவுண்ட் எடுத்தவர்களில் சிலருக்குப் பிறகு சிடி தேவைப்பட்டது. ஆனால் கடுமையான சிக்கல்களில் பெரிய வித்தியாசம் இல்லை, மொத்தக் கதிர்வீச்சு குறைந்தது. எனவே முதலில் அல்ட்ராசவுண்ட், உடைக்கும் முடிவுக்கு முன் தேவைப்பட்டால் சிடி என்ற வரிசை நியாயமானது. கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அல்ட்ராசவுண்டுதான் முதல் தேர்வு.

சரி, உடைப்பதற்கு வருவோம்.

ஜெர்மனியின் டோர்னியர் விமான நிறுவனத்தில், ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் உலோகத்துக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார்கள். துளி மோதும் இடத்தில் உண்டாகும் அதிர்வலை உலோகத்துக்குள் ஓடி, மோதாத இடத்திலும் சேதம் செய்வது தெரிந்தது. இதைத் திட்டமிட்டு உடம்புக்குள் அனுப்பினால் கல் உடையுமா என்ற யோசனை அங்கிருந்து கிளம்பியது. மியூனிக் பல்கலைக்கழக மருத்துவர்கள் கிறிஸ்டியன் ஷௌஸி, எக்பர்ட் ஷ்மீட் முதலானோர் அந்தப் பொறியாளர்களோடு சேர்ந்து வருடக்கணக்கில் சோதித்து, 1980 பிப்ரவரியில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை செய்தார்கள். தொடக்கச் சோதனைகளில் கல்லைக் குறிபார்க்க அல்ட்ராசவுண்டைத்தான் முயன்றார்கள். அன்றைய படத்தின் தரம் போதவில்லை, அதனால் இரண்டு கோணங்களில் எக்ஸ்ரே வைத்தார்கள். நோயாளியை ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, தொட்டியின் அடியில் தீப்பொறி வெடிக்க வைத்து உடைத்தார்கள். 1984 கடைசியில் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. அதுவரை கல்லுக்காக முதுகுப் பக்கம் கிழித்துத் திறந்துகொண்டிருந்த அறுவை சிகிச்சை சில ஆண்டுகளிலேயே அரிதாகிவிட்டது.

இன்று தொட்டி கிடையாது. தண்ணீர் நிரம்பிய ஒரு ரப்பர் மெத்தை, அதற்கும் தோலுக்கும் நடுவில் ஜெல். அலையை உண்டாக்க மூன்று வழிகள் இருக்கின்றன. தண்ணீருக்குள் மின்பொறி, மின்காந்தத்தால் சடாரென்று தள்ளப்படும் உலோகத் தகடு, கிண்ணம் போன்ற பரப்பில் பதித்த பீசோ படிகங்கள் (மின்சாரம் கொடுத்தால் அதிரும் படிகங்கள்). மூன்றிலும் குறிக்கோள் ஒன்றுதான். அகலமாகக் கிளம்பும் அலை கல்லின் மேல் ஒரே புள்ளியில் குவிய வேண்டும்.

சதை ஏன் கிழிவதில்லை என்பதற்கு முதல் விடை இந்தக் குவிப்பில் இருக்கிறது. பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துத் தாளை எரிக்கும்போது கண்ணாடி சுடுவதில்லை. இங்கே தோலைத் தொடும்போது அலை ஒரு தட்டு அளவுக்கு விரிந்திருக்கும், கல்லை அடையும்போது சில மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை செ.மீ. வரையிலான அகலத்துக்குள் ஒடுங்கிவிடும். அந்த இடத்தில் அழுத்தம் கருவியைப் பொறுத்து 30 முதல் 100 மெகாபாஸ்கல் வரை போகும், அதாவது காற்றழுத்தத்தைப் போல் 300 முதல் 1000 மடங்கு. ஸ்கேன் ப்ரோபின் அழுத்தம் ஓரிரு மெகாபாஸ்கலைச் சுற்றித்தான் இருக்கும். ஸ்கேனில் துடிப்புகள் நொடிக்கு ஆயிரக்கணக்கில் போகின்றன, இங்கே நொடிக்கு ஒன்றோ இரண்டோதான். ஒவ்வொன்றும் சில மைக்ரோ நொடிகளில் முடிந்துவிடும்.

இரண்டாவது விடை, மேலே சொன்ன ஒலித்தடை. சதை வழியாகப் போகும்போது அலை எதிலும் மோதுவதில்லை, எல்லாம் அதற்கு ஒரே ஊடகம். கல்லில்தான் முதல் மோதல்.

மோதியபின் நடப்பது, என் கண்ணில், இந்தத் துறையிலேயே மிக அழகான இயற்பியல். முன்முகத்தில் விழுந்த அழுத்தம்தான் கல்லை நொறுக்குகிறது என்று தோன்றும். ஆனால் கல் அழுத்தத்தைத் தாங்கும். இழுவையைத்தான் தாங்காது. உள்ளே நுழைந்த அழுத்த அலை கல்லின் பின்முகத்தைத் தொட்டு, அந்தப் பக்கம் மென்மையான நீரைக் கண்டதும், தலைகீழாக மாறி இழுவை அலையாகத் திரும்புகிறது. கல் பின்பக்கத்திலிருந்து பிளக்கிறது. இதற்கிடையே, கல்லுக்கு வெளியே சிறுநீரில் ஓடும் அலை உள்ளே ஓடும் அலையைவிட மெதுவானது. அது கல்லைச் சுற்றி ஒரு வளையம் போல் இறுக்கிக்கொண்டே நகரும். அந்த இறுக்கமும் விளிம்புகளில் பிறக்கும் சறுக்கு அலைகளும் (கல்லைப் பக்கவாட்டில் அசைக்கும் அலைகள்) உள்ளே சேர்ந்து, கல்லை நடுவில் பிளக்கும் இழுவையைக் கூட்டுகின்றன. வளையம் முழுதாய் இறுக்க வேண்டுமானால் குவிமையம் கல்லைவிட அகலமாக இருக்க வேண்டும். பின்னாளில் வந்த கருவிகளில் குவிமையத்தைக் கூர்மையாக்கி அழுத்தத்தைக் கூட்டினார்கள். காகிதத்தில் அது முன்னேற்றம். நடைமுறையில் பல புதிய கருவிகள் அந்தப் பழைய தண்ணீர்த்தொட்டிக் கருவியின் உடைக்கும் திறனைத் தொடவில்லை.

மூன்றாவது சக்தி குமிழ்கள். அழுத்தத்தின் வாலில் ஓர் எதிரழுத்தம் வரும். அது திரவத்தையே பிய்த்துச் சின்னச் சின்னக் குமிழ்களை உண்டாக்கும். அவை உப்பி, பிறகு சரிந்து வெடிக்கும்போது கல்லின் மேற்பரப்பை அரிக்கின்றன. பெரிய துண்டுகள் சின்னதாவதில் இதற்குப் பெரிய பங்குண்டு. ஆனால் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் காயப்படுத்துவதும் இதே குமிழ்கள்தான். சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் சிறுநீரில் இரத்தம் தெரிவது அதனால்தான். ‘சதைக்கு ஒன்றுமே ஆகாது’ என்று யாராவது சொன்னால் அது கொஞ்சம் மிகை. பெரும்பாலும் ஆறிவிடும் காயம் என்பதுதான் சரி. அரிதாக, சிறுநீரகத்தைச் சுற்றி இரத்தம் கட்டும். இரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்களுக்கும், இரத்தத்தை இளக்கும் மருந்தை நிறுத்த முடியாதவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சிகிச்சை கிடையாது. அலைப் பாதையில் நுரையீரலும் வரக் கூடாது. காற்றும் திசுவும் சந்திக்கும் இடத்தில் அதிர்வலை தன் ஆற்றலைக் கொட்டிவிடும்.

இதே கருவி ஓரிடத்தில் நன்றாக உடைப்பதும் இன்னோரிடத்தில் உடைக்காமல் விடுவதும் பெரும்பாலும் இயக்குபவரின் கையில் இருக்கிறது. நிமிடத்துக்கு 120 அதிர்வு கொடுத்தால் சீக்கிரம் முடியும், ஆனால் முந்தைய அதிர்வு விட்டுச்சென்ற குமிழ்கள் அடுத்த அலைக்குத் தடுப்பாக நிற்கும். 60-க்குக் குறைத்தால் கல் நன்றாக உடைகிறது, காயமும் குறைகிறது. குறைந்த சக்தியில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் சிறுநீரகத்தின் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தம்மைத் தாமே காத்துக்கொள்கின்றன. வழக்கமாக 2000, 3000 அதிர்வுகள் கொடுப்பார்கள். அப்புறம் ஜெல். அதில் காற்றுக் குமிழ் மாட்டியிருந்தால் அலையின் ஒரு பகுதி வாசலிலேயே திரும்பிவிடும். ஜெல்லைக் கையால் தேய்த்துப் பரப்பினால் குமிழ்கள் நிறைய வரும், ஒரே குவியலாகக் கொட்டி மெத்தையை மெதுவாக அழுத்தினால் குறையும். இவ்வளவு விலையுள்ள கருவியின் பலன் ஜெல் தடவும் விதத்தில் தொலைந்துபோவதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

குறிபார்க்கும் வேலையில் அல்ட்ராசவுண்ட் இப்போது திரும்பி வந்திருக்கிறது. மூச்சு விடும்போது சிறுநீரகம் ஓரிரு செ.மீ. மேலும் கீழும் போய்வரும், கல் குவிமையத்துக்குள் வந்து வந்து போகும். எக்ஸ்ரேயைத் தொடர்ந்து போட்டுவைக்க முடியாது, அல்ட்ராசவுண்டைப் போட்டுவைக்கலாம். கல் விலகியதையும் பொடியாவதையும் அப்போதே பார்க்கலாம். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாத யூரிக் அமிலக் கல்லும் இதில் தெரியும். யூரிக் அமிலக் கல்லாக இருந்தால் உடைக்கத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. சிறுநீரின் அமிலத்தன்மையை மருந்தால் குறைத்தே அதைக் கரைக்க வாய்ப்புண்டு.

இனி, மருத்துவர் என்ன பார்க்கிறார் என்பது. கல் உடையுமா என்பது பாதிக் கேள்விதான். உடைந்த துண்டுகள் வெளியே போக வழியிருக்கிறதா என்பது மறுபாதி, பெரும்பாலும் அதுதான் முடிவைத் தீர்மானிக்கும். அதிர்வலை கல்லை அகற்றுவதில்லை. நொறுக்கிவிட்டு விட்டுவிடும், அள்ளிக்கொண்டு போக வேண்டியது உங்கள் சிறுநீர்தான்.

உடைவதைப் பொறுத்தவரை, கால்சியம் ஆக்சலேட்டில் டைஹைட்ரேட் வகை எளிதாக நொறுங்கும், மோனோஹைட்ரேட் வகை முரண்டு பிடிக்கும். ப்ரஷைட், சிஸ்டைன் என்ற வேறு இரண்டு கல் வகைகள் இன்னும் மோசம். சிடியில் வரும் அடர்த்தி எண் 1000-க்கு மேல் போனால் கல் கடினம் என்று எடுத்துக்கொள்வார்கள். தோலிலிருந்து கல்லுக்கு 10 செ.மீ.க்கு மேல் தூரமென்றால் அலை வலுவிழந்துதான் சேரும், பருமனானவர்களுக்கு இது அடிக்கடி வரும் சிக்கல்.

வெளியேறுவதைப் பொறுத்தவரை, சிறுநீரகத்தின் மேல், நடு அறைகளில் உள்ள கல்லின் பொடி இறங்கிவிடும். கீழ் அறையில் இருந்தால் பொடி மேலேறி வர வேண்டும், பாதி அங்கேயே தங்கிவிடும். கல் 2 செ.மீ.க்கு மேலென்றால் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக யூரேட்டரில் வரிசைகட்டி நின்று குழாயையே அடைத்துவிடலாம். அதனால் பெரிய கற்களுக்கு முதுகு வழியாகச் சிறு துளை போட்டு எடுப்பதே வழக்கம். கல்லுக்குக் கீழே குழாய் குறுகியிருந்தால் உடைப்பதில் பயனே இல்லை. உங்கள் ரிப்போர்ட்டில் 9 மி.மீ. என்பதோடு எந்த அறை என்றும் இருக்கும். மருத்துவர் இரண்டையும் சேர்த்துத்தான் படிப்பார். யூரேட்டர் வழியாகக் கேமரா செலுத்தி லேசரால் பொடிக்கும் முறை இன்று நிறைய இடங்களில் அதிர்வலையை ஓரம்கட்டிவிட்டது. மயக்கம் வேண்டும், உள்ளே கருவி போக வேண்டும், ஆனால் ஒரே தடவையில் முடியும் வாய்ப்பு அதிகம். அதிர்வலையில் கத்தியில்லை, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம், ஆனால் இரண்டாவது, மூன்றாவது தடவை வரச் சொல்லலாம். இரண்டில் எது நல்லது என்பது கல்லைப் பொறுத்தது, விளம்பரத்தைப் பொறுத்ததல்ல.

எந்த முறையானாலும் ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. கல் வலியோடு குளிரும் காய்ச்சலும் வந்தால் அது அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி சேர்ந்திருக்கிறது என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். அப்போது கல்லை உடைக்கவே மாட்டார்கள். முதலில் யூரேட்டருக்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயோ, முதுகு வழியாக ஒரு குழாயோ வைத்துச் சிறுநீரை வடிப்பார்கள். அது அவசரம், உடனே போக வேண்டும்.

அம்மாவின் பித்தப்பைக் கல்லுக்கும், துண்டுகள் வெளியே போகுமா என்ற அந்த மறுபாதிக் கேள்வியில்தான் விடை இருக்கிறது. பித்தப்பைக் கல்லைக் கண்டுபிடிப்பதில் அல்ட்ராசவுண்டுக்கு நிகரில்லை. கறுப்பாகத் தெரியும் பித்தநீருக்குள் வெள்ளைக் கல், புரண்டு படுத்தால் அதுவும் உருளும். உடைக்கவும் முடியும். 1980களின் நடுவில் அதே மியூனிக்கில் பித்தப்பைக் கற்களை அதிர்வலையால் உடைத்து, மிச்சத்தைக் கரைக்கப் பித்த அமில மாத்திரை கொடுத்தார்கள். அது கொஞ்ச காலம் பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆனால் துண்டுகள் வெளியேற வேண்டிய வழி, உள்ளே திருகு மடிப்புகள் உள்ள ஒரு குறுகிய குழாய். அதைத் தாண்டினால் பொதுப் பித்தக்குழாய், அதன் வாசலைக் கணையமும் பகிர்ந்துகொள்கிறது. துண்டு அங்கே மாட்டினால் மஞ்சள் காமாலையோ கணைய அழற்சியோ வரலாம். எல்லாம் நல்லபடியாக வெளியேறினாலும் கல்லை உண்டாக்கிய பை அப்படியே இருக்கிறது, சில வருடங்களில் பலருக்கு மறுபடி கல் வந்தது. அதே சமயத்தில் லேப்ராஸ்கோப்பி வந்து பையையே சிறு துளை வழியாக எடுப்பது எளிதாகிவிட்டது. பித்தப்பை இல்லாமல் வாழலாம், சிறுநீரகத்தை அப்படி எடுத்துப் போட முடியாது. வித்தியாசம் அங்கேதான். தொந்தரவே தராத பித்தப்பைக் கல்லைப் பலருக்கு அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. அம்மாவுக்கு வலி வந்ததா, ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்ததா என்பதை மருத்துவரிடம் சொல்லிக் கேளுங்கள். கணையக் குழாய்க் கல்லுக்கும், எண்டோஸ்கோப்பியால் எடுக்க முடியாத பெரிய பித்தக்குழாய்க் கல்லுக்கும் அதிர்வலையை இன்றும் பயன்படுத்துகிறார்கள். அங்கே உடைந்த துண்டை எண்டோஸ்கோப்பி வைத்து வெளியே எடுத்துவிட முடியும்.

கடைசியாக, அசல் அல்ட்ராசவுண்டால் உடைப்பது. 1953-லேயே மல்வேனி என்ற அமெரிக்க மருத்துவர் அல்ட்ராசவுண்ட் அதிர்வால் கல்லை நொறுக்க முயன்று பார்த்திருக்கிறார். 1970களில் அது நடைமுறைக்கு வந்தது. முதுகுத் துளை வழியாக ஓர் உலோகக் குழாயைச் செலுத்தி, அதன் நுனியைக் கல்லில் வைத்து, நொடிக்கு 20,000-க்கு மேற்பட்ட தடவை அதிரவிடுவார்கள். கல் பொடியாகும், குழாயின் உள்துளை வழியாகப் பொடியை அப்போதே உறிஞ்சிவிடலாம். இது தொட்டு உடைப்பது, பெரிய கற்களுக்கு இன்றும் நல்ல கருவி.

புதியது, உடம்புக்கு வெளியே வைத்த ப்ரோபிலிருந்தே உடைக்கும் முறை. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஒற்றைப் பெரிய அடிக்குப் பதிலாக, 0.4 மெகாஹெர்ட்ஸ் அளவில், அதிர்வலையைவிட மிகக் குறைந்த அழுத்தத்தில், தொடர்ச்சியான அலைக்கொத்துகளை அனுப்புகிறார்கள். அவை கல்லுக்குள் சேர்ந்து அதிர்ந்து, சீரான இடைவெளியில் விரிசல்களை உண்டாக்குகின்றன. அதிர்வெண்ணைக் கூட்டினால் துண்டுகள் இன்னும் சின்னதாக வரும். எனக்குப் பிடித்த விஷயம் இது, ஏனென்றால் பழைய முறையில் துண்டின் அளவு கல்லின் விருப்பம், இங்கே அது ஓரளவு நம் தேர்வு. 2022-ல் வெளியான முதல் மனித ஆய்வில், வேறு கல் சிகிச்சைக்காக மயக்கத்தில் இருந்த 19 பேரின் 23 கற்களுக்கு 10 நிமிடம் வரை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். நடுமதிப்பாகக் கல்லின் கன அளவில் 90 சதவீதம், 2 மி.மீ.க்கு மிகாத துகள்களானது. 9 கற்கள் முழுதாகவே பொடிந்தன. அதே குழு அல்ட்ராசவுண்டால் கல்லை உடைக்காமல் தள்ளிவிடவும் முயன்றது. 2016-ல் வந்த அறிக்கையில் 15 பேரில் 14 பேருக்குக் கல் நகர்ந்தது. சிலருக்கு ஒரே பெரிய கல் என்று நினைத்தது, தள்ளியதும் பல சிறிய கற்களாகப் பிரிந்து ஓடியதாம்! கீழ் அறையில் தங்கிவிடும் பொடிக்கு இது மருந்தாகலாம். எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து இறங்கி விண்வெளி வீரர்களுக்குக் கல் வரும் ஆபத்து இருப்பதால், நாசாவும் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது.

ஆக, வயிற்றில் வைத்துப் படம் பார்த்த அந்த ப்ரோபால் உங்கள் கல் உடையாது. வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் பிசியோதெரபி அல்ட்ராசவுண்டாலும் உடையாது, அப்படி உடைத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் போகும்போது மூன்றைக் கேளுங்கள்: கல் எந்த அறையில், எவ்வளவு கடினம், உடைந்தால் இறங்குமா? எந்த முறையில் உடைத்தாலும் அப்புறம் சில நாள் சிறுநீரைச் சல்லடையில் வடிகட்டி, கிடைக்கும் துகளை ஆய்வகத்தில் கொடுங்கள். கல் எந்த வகை என்று தெரிந்தால்தான் அடுத்தது வராமல் தடுக்க எதை மாற்ற வேண்டும் என்று அவர்களால் சொல்ல முடியும்.